ஏறுதுறை

வெள்ளிக்கிழமை இரவுகளில் நான் தொலைபேசியில் பேசுவது என் மனைவிக்கு முதல் இரண்டு வருஷம் பிடிபடவே இல்லை. "நாளைக்கு டேக்-அவுட் எங்கே?" என்று ஒருநாள் நான் கேட்பது காதில் விழுந்து, "அப்ப நான் உலை வைக்க வேண்டாமா?" என்றாள். பிட்ஸ்பர்கில் டேக்-அவுட் என்றால் கடையில் வாங்கும் சாப்பாட்டுப் பொட்டலம். கயாக் படகு ஓட்டுகிறவர்களுக்கு மட்டும் அது ஆற்றை விட்டுக் கரையேறுகிற இடம். இறங்குகிற இடத்துக்குப் பெயர் புட்-இன். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: துறை. திருநெல்வேலிக் குறுக்குத்துறையில் குளித்து வளர்ந்தவன் நான். அந்தச் சொல் ஞாபகம் வருவதற்கு எனக்கு அமெரிக்காவில் ஒரு படகு தொலைய வேண்டியிருந்தது.

1998-ல் பிட்ஸ்பர்குக்குப் போனேன். இரண்டாயிரம் பிறந்தால் கணினிகள் எல்லாம் படுத்துவிடும் என்ற பயத்தில் எங்களைப் போல ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு கிடைத்த காலம். வார நாட்களில் கோபால் மொழி நிரல்களில் தேதி திருத்துவேன். ஞாயிறானால் பென் ஹில்ஸ் வேங்கடாசலபதி கோயில், அங்கே புளியோதரை. அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் ஒருவர், ஓய்வு பெறும் வயது, வெண்தாடி, குளிர்காலத்தில் ஒரு பள்ளிக்கூட நீச்சல் குளத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். அங்கேதான் கயாக்கில் உட்கார்ந்தேன். இடுப்பைச் சுற்றி ரப்பர் துணி ஒன்றை மாட்டி, படகின் வாயோடு சேர்த்து இழுத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். தண்ணீர் உள்ளே வராது. அதற்குப் பெயர் ஸ்கர்ட். "எங்க வீட்டுக்காரர் பாவாடை கட்டிக்கிட்டு ஆத்துக்குப் போறார்" என்று கோயிலில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தாள் என் மனைவி. தலைகீழாகக் கவிழ்ந்து, துடுப்பை ஒரு வீச்சு வீசி, இடுப்பை வெட்டி நிமிர்கிற ரோல் என்ற வித்தை எனக்குப் படிய அந்தக் குளிர்காலம் முழுவதும் போயிற்று. குளத்தில் படிந்ததே தவிர ஆற்றில் படியவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

பெரியவர் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பேசியது துறைகளைப் பற்றித்தான். எனக்கு எரிச்சலாக இருக்கும். அலையை எப்படி வெட்டுவது, பாறையை எப்படி ஒதுக்குவது என்று கேட்டால், வண்டியை எங்கே நிறுத்துவது என்று பதில் வரும். அதில் கணக்கு இருந்தது. ஆறு நம்மைக் கொண்டுபோய்க் கீழே விடும். திரும்பக் கொண்டுவந்து விடாது. அதனால் இரண்டு வண்டி வேண்டும்: ஒன்றை முதலிலேயே கீழ்த்துறையில் கொண்டு நிறுத்திவிட்டு, எல்லாரும் மற்றொன்றில் மேல்துறைக்கு வர வேண்டும். இந்த ஏற்பாட்டுக்கு ஷட்டில் என்று பெயர். கீழே நிற்கிற வண்டியின் சாவியை மேலே நிற்கிற வண்டியில் விட்டுவிட்டு ஆற்றில் இறங்காத கயாக்காரன் கிடையாது. நானும் செய்திருக்கிறேன். மார்ச் மாதக் குளிரில் ஈர உடையோடு மூன்று மணி நேரம்.

எங்கள் ஆறு யாக்கிகேனி. முதன்முதலில் கேட்டபோது 'கேணி' என்று முடிகிறதே என்று எனக்குச் சின்ன சந்தோஷம். பூர்வகுடிகள் வைத்த பெயர். எதிர்த்திசையில் ஓடும் நீர் என்று பொருள் சொல்வார்கள். வடக்கு நோக்கி ஓடுவதால் அப்படி. ஆற்றோரக் கூட்டாளிகள் யாரும் முழுப் பெயரைச் சொல்லிக் கஷ்டப்படுவதில்லை. யாக், அவ்வளவுதான். பிட்ஸ்பர்கிலிருந்து தென்கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் ஒஹையோபைல் என்ற சிற்றூர். அங்கே ஆறு சுமார் 20 அடி உயரத்திலிருந்து அகலமாக விழுகிறது. 1754 மே மாதம், 22 வயது ஜார்ஜ் வாஷிங்டன், பிரெஞ்சுக்காரர்களின் கோட்டைக்குப் படைகளை நீர்வழியாகக் கொண்டுபோக முடியுமா என்று பார்த்துக்கொண்டு இந்த ஆற்றில்தான் வந்தார். இந்த அருவியைப் பார்த்தார். திரும்பிவிட்டார். அந்த நாட்டின் முதல் ஜனாதிபதியாகப் போகிறவர் கரையேறின இடத்தில் நாங்கள் இறங்குகிறோம் என்பது பெரியவர் ஒவ்வொரு புது ஆளிடமும் சொல்கிற நகைச்சுவை. அருவிக்குக் கீழேதான் எங்கள் துறை.

அது நல்ல துறை. படிகள், கைப்பிடி, படகை இறக்கிவைக்கத் தோதான பாறை. அரசுப் பூங்காவுக்குச் சொந்தமானது. கோடை முழுக்கத் தண்ணீரும் நிச்சயம். மேலே கன்ஃப்ளூயன்ஸ் என்ற ஊரில் 1944-ல் கட்டிய அணை, பாபநாசத்து அணை போல, மழை இல்லாத மாதத்திலும் விட்டுக்கொண்டே இருக்கும். அடிமடையிலிருந்து வருவதால் ஜூலையிலும் கால் விறைக்கும். ஆனால் நினைத்தபோது இறங்க முடியாது. சனி ஞாயிறுகளில் அரை மணிக்கு இத்தனை பேர் என்று நேரம் ஒதுக்குவார்கள், அனுமதிச் சீட்டு வேண்டும். ஆறு கூட்டிக்கொண்டு ஓடுகிறது, கரையில் வரிசை நிற்கிறது. இரப்பர் மிதவைகளில் ஆளுக்கொரு துடுப்போடு வரும் கூட்டம் ஒரு பக்கம், எங்களைப் போன்ற ஒண்டிக்கட்டைகள் ஒரு பக்கம்.

அருவிக்குக் கீழே ஆறு ஒரு குதிரை லாடம் போல வளைகிறது. லாடத்துக்கு உள்ளே இருக்கிற காட்டு முனைக்குப் பெயர் ஃபெர்ன்கிளிஃப். அதைச் சுற்றி ஒன்றரை மைல் துடுப்புப் போட்டால், லாடத்தின் மறு நுனி கிட்டத்தட்ட புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். அங்கே கரையேறி, மேட்டில் ஏறி, பழைய ரயில் பாதையில் பத்து நிமிஷம் படகைத் தோளில் வைத்து நடந்தால் ஊர். ஷட்டில் வேண்டாம், இரண்டாவது வண்டி வேண்டாம். லூப் என்று இதைச் சொல்வார்கள். உலகத்தில் ஆறே நம்மைத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். இந்த முனை இப்படிக் காடாகவே இருப்பதற்கு 1951-ல் அதை ஒரு பாதுகாப்புச் சங்கம் வாங்கியது காரணம். பணம் கொடுத்தவர் பிட்ஸ்பர்க்கின் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் முதலாளி காஃப்மன். பக்கத்து ஓடையின் அருவிமேலேயே நிற்கிற வீட்டைக் கட்டிய ஃபிராங்க் லாய்ட் ரைட்டைக் கூப்பிட்ட அதே காஃப்மன். வீட்டைப் பார்க்க உலகத்திலிருந்து ஆள் வருகிறது. நான் அவருக்கு நன்றி சொல்வது அந்தப் பத்து நிமிஷ நடைபாதைக்காக.

லூப்பின் கடைசிப் பாய்ச்சல் ரயில் பாலத்துக்குக் கீழே. பெயரே ரெயில்ரோட். அதைத் தாண்டியதும் வலப்பக்கம் பாறை முதுகுக்குப் பின்னால் தண்ணீர் மேல்நோக்கித் திரும்பித் தேங்கும். எடி என்பது இதுதான். அந்த எடிக்குள் நுழைந்தால் கரை. தவறவிட்டால் அடுத்த ஏறுதுறை புரூனர் ரன், ஆறு மைல் கீழே. இடையில் டிம்பிள் என்ற பாறை இருக்கிறது. நேர் எதிரே நின்று மொத்த ஆற்றையும் முகத்தில் வாங்குகிற பாறை, அடியில் குடைவு. பல உயிர்களை வாங்கியிருக்கிறது. படகைத் தூக்கிக்கொண்டு அதைச் சுற்றி நடக்கக் கரையில் பாதை உண்டு. நடப்பதில் வெட்கம் இல்லை என்று பெரியவர் சொல்வார்.

2000 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை. ரெயில்ரோடில் நான் கவிழ்ந்தேன். குளத்தில் பத்துக்கு எட்டு வந்த ரோல் அங்கே வரவில்லை. ஒரு முறை, இரண்டு முறை. மூக்கில் தண்ணீர் ஏறி, ஸ்கர்ட்டின் வாரை இழுத்து வெளியே வந்துவிட்டேன். தலையை வெளியே நீட்டியபோது பெரியவர் எடியின் வாயில் நின்றுகொண்டு துடுப்பை நீட்டுகிறார். பிடித்தேன். முழங்கால் பாறையில் தேய்ந்தது. கரையில் கவிழ்ந்து படுத்துக் கிடந்து திரும்பிப் பார்த்தால், என் படகு, மஞ்சள் நிறம், நான் இல்லாமல் என்னைவிட அழகாக அடுத்த வளைவில் போய்க்கொண்டிருக்கிறது.

"ஆள்தான் முதலில், படகு அப்புறம்" என்பது விதி. அவர் துரத்தவில்லை. "ரயில் பாதையிலேயே கீழே நட. எங்காவது பாறையில் மாட்டியிருந்தால் மேலிருந்து தெரியும். இல்லாவிட்டால் புரூனர் ரன்னில் யாராவது பிடித்து வைத்திருப்பார்கள். நான் வண்டியை மேலே கொண்டுவந்து நிற்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் தன் படகைத் தோளில் ஏற்றினார்.

ரயில் போய்விட்ட பாதை இப்போது சைக்கிள் பாதை. உயரத்தில் போகிறது, ஆறு கீழே மரங்களுக்குள் சத்தமாக மட்டும் இருக்கும். தலையில் ஹெல்மெட், உடம்பில் மிதவைச் சட்டை, இடுப்பிலிருந்து தொங்குகிற ரப்பர் பாவாடை, கையில் துடுப்பு, காலில் நடக்கும்போது 'சளக் சளக்' என்கிற ரப்பர் செருப்பு. எதிரே வந்த சைக்கிள்காரர் ஒருவர், மரியாதையாக, "ஆறு அந்தப் பக்கம்" என்று கைகாட்டினார். ஆறு மைலில் இப்படி நாலு பேர். மேலப்பாளையம் சந்தையில் மாட்டைத் தொலைத்துவிட்டு வீடு திரும்புகிறவனைப் போல நடந்தேன். மரம் விலகுகிற இடத்திலெல்லாம் எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்து மனசு துள்ளியது. இலை.

புரூனர் ரன்னில் என் படகு ஒரு மரத்தின் மேல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. யார் பிடித்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். உள்ளேயிருந்த தண்ணீரை வடித்து, வடிகால் திருகை மறுபடி இறுக்கி மூடி, வாயில் மழை படாமல் திருப்பி வைத்திருந்தார்கள். இருக்கையின் பின்னால் என் மனைவி மை பேனாவில் எழுதியிருந்த தொலைபேசி எண்ணுக்கு ஒரு தகவலும் விட்டிருந்தார்கள். வீட்டுக்குப் போன பிறகுதான் அது தெரிந்தது. "உங்கள் படகு நலமாக இருக்கிறது" என்ற செய்தியைக் கேட்டு அவள் அரை மணி நேரம் அழுதிருக்கிறாள். படகு நலம் என்றால் ஆள்?

இந்த ஏறுதுறைக்கு ஒரு வினோதம். கோடைக்காலத்தில் சொந்த வண்டியை ஆற்றோரம் கொண்டுபோக விடமாட்டார்கள். சாலை செங்குத்து, இடம் குறுகல், கூட்டம் தாங்காது. வண்டியை மலைமேல் ஒரு மைதானத்தில் விட வேண்டும். ஆற்றிலிருந்து அங்கே ஏற்றிவிட பஸ் உண்டு, பஸ்ஸுக்கு டோக்கன் உண்டு. காசு மாதிரி சின்ன வில்லை. காலையில் ஊரிலேயே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். லூப் மட்டும் போகிறவனுக்கு டோக்கன் எதற்கு? என்னிடம் இல்லை. ஓட்டுநர் கையை நீட்டியபடி இருக்கிறார். பின்னால் ஈரம் சொட்டுகிற பதினைந்து பேர். எனக்குப் பின்னால் நின்ற, கல்லூரிக்குப் போகிற வயதுள்ள பெண் ஒருத்தி, சூயிங்கத்தை மெல்வதை நிறுத்தாமல் என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி இரண்டு டோக்கனைப் போட்டாள். "இவனுக்கும்" என்றாள். அவ்வளவுதான். பஸ்ஸுக்குள் ரப்பரும் வேர்வையும் ஆற்றுப் பாசியும் கலந்த ஒரு நாற்றம். இன்றைக்கும் அது எனக்குக் கோயில் வாசனை போல.

அதன் பிறகு எப்போதும் இரண்டு டோக்கன் வாங்குவேன். ஹெல்மெட்டுக்குள் நுரைப்பஞ்சுக்குப் பின்னால் ஒன்றைச் செருகி வைத்திருப்பேன்.

எல்லாத் துறையும் இப்படி அரசாங்கத் துறை அல்ல. வசந்தத்தில் பனி உருகும்போது மலையோரச் சிற்றோடைகள் நாலு நாளைக்குப் பெருகும். அவற்றுக்குப் படியும் கிடையாது, டோக்கனும் கிடையாது. ஒரு பாலம் இருக்கும், பாலத்தடியில் சரிவாக ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கும். தண்ணீரில் மிதந்து போகிறவனை யாரும் கேட்கமாட்டார்கள். காலைக் கரையில் வைத்தால் அது யாரோ ஒருவருடைய தோட்டம். அப்படி ஒரு பாலத்தோரம் மூன்று வண்டிகளை விட்டுவிட்டுப் போனோம். திரும்பி வந்தால் வண்டிகளுக்குக் குறுக்கே ஒரு டிராக்டர். அதன்மேல் ஒரு விவசாயி. எங்களுக்காக எவ்வளவு நேரமாகக் காத்திருந்தாரோ, மடியில் தெர்மாஸ் குடுவை.

எங்களில் சின்னப்பையன் ஒருவன் சட்டம் பேச ஆரம்பித்தான், பாலம் அரசுடையது, சாலையோரம் அரசுடையது என்று. பெரியவர் அவன் கையை அழுத்திவிட்டு, "என்ன நடந்தது?" என்று கேட்டார். முந்தின வாரம் இன்னொரு கூட்டம் வந்திருக்கிறது. வேலிக்கம்பியை மிதித்துப் போயிருக்கிறார்கள், மாடு இரண்டு வெளியே வந்துவிட்டது. அது பரவாயில்லை. விவசாயியுடைய அம்மா, எண்பது தாண்டியவள், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற நேரம் பார்த்து நடுரோட்டில் ஆறு பேர் உடுப்பைக் கழற்றி நின்றிருக்கிறார்கள். ஈரத் துணியை மாற்ற. சின்னப்பையன் வாயை மூடிக்கொண்டான்.

அன்றைக்கு நான்தான் நிலைமையைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. என் பையில் லுங்கி இருந்தது. சங்கு மார்க், ஊதா கட்டம். தலைவழியாகப் போட்டு, பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே கைவிட்டு ஈரத்தையெல்லாம் உருவிப் போட்டு, உலர்ந்ததை ஏற்றி, அரை நிமிஷத்தில் கௌரவமான மனுஷனாக நின்றேன். குறுக்குத்துறைப் படியில் ஆறு வயதிலிருந்து பழகின வித்தை. விவசாயி டிராக்டரிலிருந்து இறங்கி வந்து துணியைத் தொட்டுப் பார்த்தார். "இதைக் கட்டுகிறவர்கள் இங்கே நிறுத்தலாம்" என்றார். அடுத்த முறை ஊருக்குப் போனபோது ரதவீதியில் ஒரு டஜன் வாங்கி வந்தேன். பெரியவருடைய லுங்கி இன்றும் அவர் வண்டியின் பின்னிருக்கையில் கிடக்கும். முடிச்சுப் போட மட்டும் அவருக்கு வரவேயில்லை, பெல்ட் கட்டுவார்.

மேற்கு வர்ஜீனியாவின் காலி ஆற்றுக்கும் போயிருக்கிறேன். இலையுதிர் காலத்து வார இறுதிகளில் மட்டும் சம்மர்ஸ்வில் அணையிலிருந்து படகோட்டிகளுக்கென்றே தண்ணீர் திறப்பார்கள். 1986-ல் அமெரிக்கக் காங்கிரஸ் அதைச் சட்டமாகவே எழுதிவிட்டது. அணைக்குப் பக்கத்தில் இருந்த கிராமத்தின் பெயர் காட். வழக்கப்படி அந்தப் பெயரையே அணைக்கு வைத்திருந்தால் 'காட் டேம்' என்று சாபம் போடுகிற கெட்ட வார்த்தையாகிவிடும் என்று, தள்ளியிருக்கிற ஊரின் பெயரை வைத்தார்களாம். அணையின் அடிவாயில்கள் தண்ணீரைக் கிடைமட்டமாகப் பீய்ச்சிய இடத்தில், அந்தச் சாரலில் நனைந்துகொண்டே இறங்க வேண்டியிருந்தது. இறங்கினபோது இருந்த தைரியம் கரையேறினபோது இல்லை. படகைத் தோளில் போட்டு மலையில் ஏறின அந்த முக்கால் மணி நேரத்தில் பாய்ச்சல்கள் எல்லாமே மறந்துபோயின.

2006 ஜூலையில் அப்பா வந்தார். எழுபத்து மூன்று வயது. பள்ளிக்கூட வாத்தியார், ஓய்வு. நயாகராவைக் காட்டினோம், "பெரிசாத்தான் இருக்கு, எங்க குளிக்கிறது?" என்றார். ஒஹையோபைலுக்குப் போகிற வழியில் மரத்துக்கு மரம் அறைந்திருந்த பலகைகளைப் படித்துக்கொண்டே வந்தவர், "அத்துமீறி நுழையக் கூடாதுன்னு எத்தன போர்டுல?" என்று கேட்டார். விவசாயி கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பொறந்த ஊர்ல ஆத்துக்கு ஏழு துறை. யார் எதுல எறங்கலாம்னு போர்டு கெடையாது. போர்டு இல்லாமலே எல்லாருக்கும் தெரியும். எங்கூடப் படிச்சவன் ஒருத்தன், அஞ்சாம் கிளாஸ், எங்க துறையில எறங்கிட்டான். வெயில் தாங்கல, எறங்கிட்டான்." அதற்கு மேல் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வண்டி ஒஹையோபைல் பாலத்தைத் தாண்டும்போது, "போர்டு தேவல" என்றார்.

அருவிக்குக் கீழே படியில் இறங்கி, செருப்பைக் கழற்றி, குனிந்து மூன்று கை தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டார். "ஐஸு" என்றார். என்னை அனுப்பிவிட்டுத் தான் என்ன செய்வது என்று கேட்டார். மலைமேல் மைதானத்தில் மனைவியும் பிள்ளைகளும் காத்திருப்பார்கள், நீங்களும் அங்கே இருங்கள் என்றேன். அன்று நான் முழு நீளமும் போகிறேன், ஏழரை மைல்.

டிம்பிளைச் சுற்றி நடந்துதான் போனேன். புரூனர் ரன் வளைவில் திரும்பும்போது தூரத்திலேயே வெள்ளை தெரிந்தது. இடுப்பில் மடித்துக் கட்டின வேட்டி. பஸ் கீழே வரும்போது காலியாகத்தானே வருகிறது என்று ஓட்டுநரிடம் சைகையில் பேசி ஏறி வந்துவிட்டிருக்கிறார். முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வந்து சேருகிற மிதவைகளின் கயிற்றை ஒவ்வொன்றாக வாங்கி இழுத்துக் கரையில் விட்டுக்கொண்டிருந்தார். வழுக்குகிற கல் எது என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. இறங்குகிற பெண்களிடம் அந்தக் கல்லைக் காட்டி "நோ, நோ, திஸ் சைடு" என்று வகுப்பெடுக்கிற குரலில் சொல்கிறார். அவர்கள் கேட்கிறார்கள். என் படகு மூக்கைத் தொட்டதும் கயிற்றைப் பிடித்து, "ஏலே, எவ்வளவு நேரம்ல? எனக்கு முன்னாடி எறங்குனவன், பின்னாடி எறங்குனவன், எல்லாவனும் வந்துட்டான்" என்றார்.

பஸ் வந்தது. ஹெல்மெட்டிலிருந்து இரண்டாவது டோக்கனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். ஓட்டுநரிடம் போட வேண்டும் என்று சொன்னேன். வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தொறைக்கு டோக்கனால?"

"பஸ்ஸுக்குப்பா."

"ரெண்டும் ஒண்ணுதான்." வேட்டி மடிப்பை அவிழ்த்து, டோக்கனை மடியில் செருகி, மறுபடி இறுக்கிக் கட்டிக்கொண்டார். "இத நான் ஊருக்குக் கொண்டு போறேன். குறுக்குத்தொறையில காட்டுனாத்தான் நம்புவானுவ."

ஓட்டுநர் நீட்டிய கையை ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தார். பிறகு அதே கையால் உள்ளே போகச் சொல்லிக் காட்டினார். அப்பா ஈர வேட்டியோடு முன்னிருக்கையில், அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.